இடம் கிடைத்தது, ஜாகை எங்கே?

வருஷந்தோறும் ஆனி, ஆடி மாதங்களில் நமது நாட்டில் ஒரு பெருங் குடிப்பெயர்ச்சி நடைபெறுகிறது. அதற்குக் கொடியுமில்லை, முரசுமில்லை. ஒரு பெட்டி, சான்றிதழ்கள் அடங்கிய ஓர் உறை, தகப்பனார் மடியில் முடிந்த சொற்பப் பணம் ஆகிய இவற்றுடன் ஆயிரக்கணக்கான இளைஞர்களும் யுவதிகளும் சிற்றூர்களை விட்டுச் சர்வகலாசாலை நகரங்களுக்குப் புறப்படுகிறார்கள். பிள்ளைக்குக் கலாசாலையில் இடம் கிடைத்துவிட்டது என்று ஊரார் மகிழ்கின்றனர். ஆனால் அந்நகரில் இரவு தலை சாய்க்க இடம் கிடைத்ததா என்று கேட்பவர் மிகச் சிலரே. சேர்க்கைக் கடிதம் கொடுத்ததோடு தேசத்தின் கடமை தீர்ந்தது என்று எண்ணுவோருக்கு நாம் சொல்ல விரும்புவது ஒன்றேயாம்: ஜாகை இல்லாத சேர்க்கை பாதிச் சேர்க்கையே. கற்க வருபவனுக்குக் குடியிருக்க இடம் தேடித் தருவது அவனுடைய சொந்தக் கவலை என்று விட்டுவிடத் தக்கதன்று. அது ஊரின் கடமை.

தறி வீட்டுப் பிள்ளை

உதாரணமாகத் தேசூரை எடுத்துக்கொள்வோம். திருவண்ணாமலை ஜில்லா, வந்தவாசி தாலுகாவைச் சேர்ந்த இப்பேரூர், ஆரணிப் பட்டு நெசவின் வட்டாரத்தில் உள்ளது. இங்கே நெசவாளிக்கு வீடு என்பது வசிக்கும் இடம் மாத்திரமன்று, தொழிற்சாலையும் அதுவே. குழித்தறி என்பது தரையில் பள்ளம் தோண்டி நாட்டப்படுவது. நெய்கிறவர் அப்பள்ளத்தில் கால்களை இறக்கி, மிதிபலகையை மிதித்து வேலை செய்கிறார். பாவு நீட்டுவதற்குத் தெருவின் நீளம் வேண்டும். இழை சுற்றுவதற்கு வீட்டார் அனைவருடைய கைகளும் வேண்டும். ஆகவே தறியும் வீடும் குடும்பமும் ஒன்றோடொன்று பிணைந்து நிற்கின்றன.

இப்படிப்பட்ட குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குச் சிதம்பரத்திலோ, வேலூரிலோ, சென்னையிலோ மேற்படிப்புக்கு இடம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உத்தியோகஸ்தர் குடும்பமானால் மாற்றல் வாங்கிக்கொண்டு பிள்ளையோடு குடிபெயரலாம். நெசவாளி அவ்வாறு செய்தல் இயலாது. வாடகை வீட்டின் தரையில் பள்ளம் தோண்ட எந்த வீட்டுக்காரர் சம்மதிப்பார்? தறியை விட்டுச் சென்றால் அடுப்பு எரியாது. ஆகவே பிள்ளை தனியாகத்தான் செல்ல வேண்டும். தனியாகச் செல்லும் பிள்ளையை நகரம் எப்படி வரவேற்கிறது? ‘குடும்பஸ்தர்களுக்கு மட்டும்’ என்ற பலகை வாசலில் தொங்குகிறது. குடும்பம் வர முடியாது. குடும்பமின்றி வந்தால் வீடு கிடையாது. இந்தச் சிக்கலில்தான் நமது சிற்றூர்ப் பிள்ளைகளின் கல்வி அகப்பட்டுத் தவிக்கிறது.

இரண்டு முன்பணங்கள்

அடுத்த இடையூறு முன்பணம். சென்னை நகரில் மாத வாடகையைப் போல் பத்து மடங்கு முன்பணமாகக் கேட்பது நெடுங்கால வழக்கமாக இருந்து வந்திருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று மாணவர்கள் சேர்ந்து மாதம் 6,000 ரூபாய் வாடகையில் ஒரு சிறு வீடு பிடித்தால், முன்பணம் 60,000 ரூபாய். தலைக்கு 20,000. தரகர் மூலம் பிடித்தால் ஒரு மாத வாடகை தரகாகப் போகிறது. முதல் மாத வாடகை வேறு. படிப்புக்குரிய கட்டணத்தைக் கட்டுவதற்கு முன்பே இவ்வளவும் ரொக்கமாக எண்ணி வைக்க வேண்டும்.

நெசவாளிக்கு வருமானம் மாதச் சம்பளமாக வருவதன்று. சேலை அறுத்துக் கொடுத்த பிறகே கூலி. கூலி வரும் நாள் வேறு, வாடகை கேட்கும் நாள் வேறு. கையில் மொத்தப் பணம் இல்லாத தகப்பனார் எங்கே போவார்? தாம் நெய்து கொடுக்கும் முதலாளியிடமே முன்பணம் கேட்பார். அம்முன்பணம் வாங்கியவர், அது தீரும் வரையில் வேறு ஒருவருக்கு நெய்ய முடியாமலும், கூலியை உயர்த்திக் கேட்க வாயின்றியும் கட்டுப்படுகிறார் என்பதை நெசவு ஊர்களை அறிந்த நேயர்கள் அறிவார்கள். நகரத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்த முன்பணம், ஊரில் தறி முதலாளியிடம் பட்ட முன்பணமாகிறது. பிள்ளையைத் தறியிலிருந்து விடுவிக்கும் பொருட்டுத் தகப்பனார் தறியோடு இன்னும் இறுக்கமாகக் கட்டுண்கிறார். இதைவிட விபரீதம் வேறு உண்டோ?

சர்க்கார் பள்ளிகளில் படித்து மேற்படிப்புக்குச் செல்லும் பெண்களுக்கு 2022 முதல் ‘புதுமைப் பெண்’ திட்டத்தின் கீழும், பையன்களுக்கு 2024 முதல் ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டத்தின் கீழும் மாதம் 1,000 ரூபாய் அளிக்க ஏற்பாடு செய்யப்பட்டது. நல்ல காரியம், அதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் மாதந்தோறும் வரும் ஆயிரம், முதல் நாளில் மொத்தமாகக் கேட்கும் இருபதினாயிரத்துக்கு ஈடாகாது என்பதையும் சொல்லாமலிருக்க முடியவில்லை.

லண்டனில் நம்மவர் பட்ட பாடு

ஜாகைப் பிரச்னை நமது தேசிய இயக்கத்துக்குப் புதியதன்று. 1888-ல் லண்டனுக்குப் படிக்கச் சென்ற காந்தியடிகள் முதலில் ஹோட்டலில் இறங்கி, அதன் செலவைக் கண்டு திகைத்து, பின்னர் நண்பர்களின் உதவியால் ஒரு குடும்பத்தாரிடம் தங்கினார். அங்கே கிடைத்த மரக்கறி உணவு வயிற்றுக்குப் போதவில்லை. பிறகு அவர் தனி அறைக்கு மாறி, காலை ஆகாரத்தைத் தாமே சமைத்து, நாள் ஒன்றுக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸில் உணவுச் செலவை முடித்தார். வேலையுள்ள இடத்துக்கு அரைமணி நேரத்தில் நடந்து செல்லக்கூடிய தூரத்தில் அறை பிடித்ததனால் வண்டிச் சத்தமும் மிச்சமாயிற்று, தேகமும் வலுப்பெற்றது. இவற்றையெல்லாம் அவரே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். வாடகை குறைவென்று தூரத்தில் வீடு பிடித்து, பஸ் கட்டணத்திலும் பொழுதிலும் அதைப் பன்மடங்காக இழக்கும் மாணவர்கள் இதனைக் கவனிப்பார்களாக.

ஆயினும் தனிமனிதரின் சிக்கனம் எல்லாக் கதவுகளையும் திறந்துவிடாது. லண்டனில் இந்திய மாணவர்கள் நிறத்தின் காரணமாகப் பல வீடுகளில் மறுக்கப்பட்டனர். இதைக் கண்ட சியாம்ஜி கிருஷ்ணவர்மா 1905-ம் ஆண்டு ஜூலை முதல் தேதி ஹைகேட் பகுதியில் ‘இந்தியா ஹவுஸ்’ என்ற விடுதியைத் திறந்தார். வரகனேரி வ. வே. சு. ஐயரும், டாக்டர் டி. எஸ். எஸ். ராஜனும் அங்கே தங்கியவர்களே. தங்க இடமின்றித் தவித்தவர்களுக்காகத் திறக்கப்பட்ட வீடு, சில ஆண்டுகளில் பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் அஞ்சும் புரட்சிக் கூடமாயிற்று. ஒரு ஜாகை இவ்வளவு செய்யக்கூடுமென்று சரித்திரமே நமக்குக் காட்டியிருக்கிறது. நிறம் பார்த்து வீடு மறுப்பதை அந்தப் பிரிட்டனே 1968-ல் சட்டத்தின் மூலம் தடை செய்ததையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

நம் வீட்டுக் கதவுகள்

வெள்ளையர் நிறம் பார்த்தனர் என்று குமுறிய நாம், நம் நாட்டில் என்ன பார்த்தோம்? கொலம்பியாவிலும் லண்டனிலும் உயர்கல்வி கற்ற டாக்டர் அம்பேத்கர் 1917-ல் பரோடா சமஸ்தானத்தில் உத்தியோகம் ஏற்கச் சென்றார். அந்நகரில் அவருக்கு வாடகைக்கு ஓர் அறை கொடுப்பார் இல்லை. ஒரு பார்சி சத்திரத்தில் வேறு பெயரில் தங்க நேர்ந்தது. பதினோராம் நாள் காலையில் கையில் தடிகளுடன் வந்தவர்கள் அவரை வெளியேறச் சொன்னார்கள். இரு நண்பர்களிடம் கேட்டுப் பார்த்தார். இருவரும் சாக்குச் சொன்னார்கள். ரயில் வேளை வரையில் பொதுத் தோட்டத்தில் உட்கார்ந்திருந்து, இரவு ரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார். உலகத்தின் பெரிய சர்வகலாசாலைகள் திறந்துவிட்ட கதவை, நமது தெருக்கள் அடைத்த கதை இது.

தமிழ்நாட்டிலும் நாம் தலைகுனிய வேண்டிய ஒரு சம்பவம் உண்டு. இந்தியா ஹவுஸில் தங்கியிருந்த அதே வ. வே. சு. ஐயர் பிற்காலத்தில் சேரன்மாதேவியில் குருகுலம் நடத்தினார். அங்கே பிராமணச் சிறுவர் இருவர் தனித்து உண்ண அனுமதிக்கப்பட்டது பற்றி 1924, 1925-ம் ஆண்டுகளில் எழுந்த கிளர்ச்சி தமிழ்நாட்டுக் காங்கிரஸையே உலுக்கிற்று. ஐயரவர்களின் தியாகத்தைக் குறைத்துக் கூறுவது நமது நோக்கமன்று. ஆனால் ஒரே கூரையின் கீழ் இடம் கொடுத்தும் பந்தியில் பிரித்தால், அது இடம் கொடுத்ததாகாது என்ற பாடத்தை அச்சம்பவம் நமக்குப் புகட்டியது.

அப்பாடத்தை நாடு முற்றிலும் கற்றுவிட்டதா? வீடு பார்க்கச் செல்லும் மாணவனிடம் இன்றும் கேட்கப்படும் கேள்விகளைக் கவனியுங்கள். ‘எந்த ஊர்?’ என்பது முதற் கேள்வி. ‘அந்த ஊரில் எந்தத் தெரு?’ என்பது இரண்டாவது. ‘தகப்பனார் பெயர் என்ன?’ ‘வீட்டில் மாமிசம் சமைப்பதுண்டா?’ என்று அடுத்தடுத்து வரும். ஜாதியை நேராகக் கேட்பது நாகரிகமன்று என்று கற்றுக்கொண்டவர்கள், சுற்றி வளைத்துக் கேட்கக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். பதில் பிடிக்காவிட்டால், ‘நேற்றே ஒருவர் முன்பணம் கொடுத்துவிட்டார்’ என்ற சொல் தயாராக இருக்கிறது. தேசூர்த் தகப்பனார் நெய்த பட்டு நகரத்து வீட்டின் பூஜை அறை வரையில் செல்கிறது. அவர் பெற்ற பிள்ளையோ வாசற்படியில் நிறுத்தப்படுகிறான்.

ஆரணிச் சீமை தந்த துறவி

இவ்விஷயத்தில் நமக்கு வழிகாட்டியவர் ஒருவர் ஆரணிச் சீமையிலேயே தோன்றினார் என்பதை நேயர்களில் பலர் மறந்திருக்கலாம். 1890-ல் ஆரணிக்கு அருகிலுள்ள மேல்புதுப்பாக்கத்தில், தாழ்த்தப்பட்ட குடும்பம் ஒன்றில் முனுசாமி என்ற பெயருடன் பிறந்தவர், பின்னர் சுவாமி சகஜானந்தர் என்ற துறவியாகிச் சிதம்பரத்தை அடைந்தார். தில்லையில் அவர் தவம் செய்து மட்டும் காலம் கழிக்கவில்லை. 1916-ல் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவினார். அக்கழகம் பள்ளியோடு மாணவர் விடுதியையும் நடத்திற்று. அந்நாளில் அவ்வூரின் எந்தத் தெருவிலும் வீடு கிடைக்காத குழந்தைகள் அங்கே தங்கி, உண்டு, படித்தனர். பின்னாளில் சட்டசபை அங்கத்தினராகவும் பணியாற்றிய சுவாமிகள் 1959-ல் காலமானார்.

அதே சிதம்பரத்தில் 1929-ல் அண்ணாமலை சர்வகலாசாலை எழுந்தது. ராஜா ஸர் அண்ணாமலைச் செட்டியார் 1920-ல் தொடங்கிய மீனாட்சி கல்லூரியே அதற்கு அடிப்படை. மாணவர் தங்கிப் படிக்கும் சர்வகலாசாலையாகவே அது ஆரம்பத்தில் திட்டமிடப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. அதாவது, கல்வியும் ஜாகையும் பிரிக்க முடியாதவை என்பதை அதனை அமைத்தவர்கள் அறிந்திருந்தனர். அதற்குப் பதின்மூன்று வருஷங்கள் முன்னதாகவே, கையில் பொருளில்லாத ஒரு துறவியும் அதை அறிந்திருந்தார். செல்வரும் துறவியும் கண்ட அவ்வுண்மை, புதிது புதிதாகக் கலாசாலைகளைத் திறக்கும் நமது காலத்தில் மங்கிப்போனது விசனிக்கத்தக்கது. கட்டடமும் ஆசிரியரும் இருந்தால் போதும். மாணவர் எங்கேனும் தங்கிக்கொள்வார்கள் என்ற எண்ணம் பரவிவிட்டது.

சட்டம் கூறுவது யாது?

யுத்த காலத்து வீட்டு நெருக்கடியை ஒட்டிச் சென்னை ராஜதானியில் வாடகைக் கட்டுப்பாடு பிறந்தது. 1946, 1949, 1960-ம் ஆண்டுகளின் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இவற்றுக்குப் பதிலாகத் தமிழ்நாட்டில் 2017-ம் ஆண்டில் நிறைவேறிய புதிய சட்டம் 2019-ம் ஆண்டு பிப்ரவரி 22-ந் தேதி முதல் அமலுக்கு வந்தது. வீட்டுக்காரர், குடியிருப்போர் ஆகிய இரு தரப்பாரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் வரையறுக்கும் இச்சட்டத்தைப் பற்றி மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் அறிந்திருக்க வேண்டியவை சில உண்டு.

முதலாவது, வாடகை ஒப்பந்தம் எழுத்து மூலம் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். இரண்டாவது, வேறு விதமான ஒப்பந்தம் இருந்தாலன்றி, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்பது சட்டவிரோதம். நாம் மேலே காட்டிய கணக்கில் 60,000 ரூபாய்க்குப் பதில் 18,000 ரூபாய் போதும். மூன்றாவது, வீட்டைக் காலி செய்த பின், நியாயமான பிடித்தங்கள் போக மீதி முன்பணத்தை ஒரு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். நான்காவது, தகராறு நேர்ந்தாலும் குடிநீர், மின்சாரம் முதலிய அவசிய வசதிகளை வீட்டுக்காரர் துண்டிக்கக் கூடாது. பெண்கள் தங்கும் தனியார் விடுதிகள் லைசென்ஸ் பெற்றே நடத்தப்பட வேண்டும் என்று 2014-ம் ஆண்டின் மற்றொரு சட்டம் கூறுகிறது. பெண்ணை விடுதியில் சேர்க்கும் தகப்பனார் அந்த லைசென்ஸைக் கேட்டுப் பார்ப்பதில் வெட்கப்பட வேண்டியதில்லை.

ஆனால் ‘வேறு விதமான ஒப்பந்தம் இருந்தாலன்றி’ என்ற சில சொற்களின் வழியே முழுச் சட்டமும் ஒழுகிப் போகக்கூடும் என்பதையும் எடுத்துக் காட்டுகிறோம். வீடின்றித் தவிப்பவன் எதற்கும் கையெழுத்திடுவான். தேவையும் வசதியும் எதிரெதிரே உட்கார்ந்து செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில் சம்மதம் எவ்வளவு, நிர்ப்பந்தம் எவ்வளவு என்று யார் பிரித்துச் சொல்வது?

ஜாதி காரணமாக வீடு மறுப்பது பற்றி என்ன? அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு கடைகள், ஹோட்டல்கள் முதலிய பொது இடங்களைக் குறிப்பிடுகிறது. தீண்டாமையின் பேரில் எந்தப் பகுதியிலும் குடியிருப்பைத் தடுப்பது 1955-ம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் இருக்கிறது, சாட்சிதான் இல்லை. சுற்றி வளைத்துக் கேட்ட கேள்விக்கும், புன்னகையோடு சொன்ன பொய்க்கும் எந்தக் கோர்ட்டில் அத்தாட்சி காட்டுவது?

வீட்டுக்காரர் தரப்பு

வீட்டுக்காரர்கள் எல்லோரும் கொடியவர்கள் என்று நாம் சொல்லவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர், கணவனை இழந்த மாது, வங்கிக் கடனில் மாடி எடுத்தவர் எனப் பலருக்கு வாடகையே ஜீவனம். வாடகை பாக்கி வைத்துவிட்டு இரவோடிரவாகப் போனவர்களும், காலி செய்ய மறுத்து வருஷக்கணக்கில் வழக்காடியவர்களும் உண்டு. பழைய கட்டுப்பாட்டுச் சட்டங்களின் காலத்தில், வாடகைக்கு விட்டால் வீடு திரும்பி வராது என்று அஞ்சிப் பூட்டி வைத்தவர்கள் அநேகர். 2011-ம் ஆண்டு ஜனக்கணக்கின்படி இந்திய நகரங்களில் ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகள் காலியாக இருந்தன. ஒருபுறம் பூட்டிய வீடுகள். மறுபுறம் வீடற்ற மாணவர்கள். இரண்டுக்கும் நடுவே நிற்பது பெரும்பாலும் அவநம்பிக்கையே. அவநம்பிக்கையைத் தனி மாணவனால் போக்க முடியாது. அவனுக்காகப் பொறுப்பேற்கும் பொது ஸ்தாபனங்களே போக்க முடியும்.

செய்ய வேண்டியவை

ஆகவே நாம் வற்புறுத்துவது இவையே. சேர்க்கைக் கடிதம் அனுப்பும் ஒவ்வொரு சர்வகலாசாலையும் கலாசாலையும், அதனுடனேயே தான் பார்வையிட்டு ஒப்புக்கொண்ட ஜாகைகளின் பட்டியலை, வாடகை விவரத்துடன் அனுப்ப வேண்டும். ஜாதி விசாரிப்பவருடைய வீடு அப்பட்டியலிலிருந்து நீக்கப்பட வேண்டும். சர்க்கார் மாணவர் விடுதிகளுக்குச் ‘சமூகநீதி விடுதிகள்’ என்ற பெயர் சூட்டுவதாக 2025-ல் அறிவிப்பு வந்தது. பெயருக்கு ஏற்ப அறைகளும், குழாய்களில் தண்ணீரும், உணவும் பெருக வேண்டும். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் அங்கத்தினரின் பிள்ளைகளுக்கு வீட்டு முன்பணத்தை வட்டியின்றிக் கடனாகத் தர ஒரு சிறு நிதியை ஏற்படுத்தலாம். காலி செய்யும்போது முன்பணம் திரும்பி வருவதாகையால், அதே தொகை அடுத்த வருஷம் மற்றொரு பிள்ளைக்கு உதவும். தறி முதலாளியிடம் கைநீட்டும் அவசியம் இதனால் நீங்கும்.

கடைசியாக, அரசியல் ஊழியர்களாகிய நமது நேயர்களுக்கு ஒரு வார்த்தை. சிதம்பரத்திலும், வேலூரிலும், திருவண்ணாமலையிலும், சென்னையிலும் உங்களுக்குக் கிளைகள் உண்டு; காரியாலயங்கள் உண்டு; தேர்தல் காலத்தில் ஒவ்வொரு தெருவிலும் எத்தனை வீடு, எத்தனை வாக்கு என்று விரல்விட்டுச் சொல்லும் தொண்டர்கள் உண்டு. ஆனி மாதத்தில் ஒரு வாரம் அத்தொண்டர்கள் காலி வீடுகளைக் கணக்கெடுக்கட்டும். பஸ் நிலையத்தில் வந்திறங்கும் பிள்ளையைக் கையோடு அழைத்துச் சென்று, வீட்டுக்காரரிடம், ‘இவனுக்கு நாங்கள் ஜாமீன்’ என்று சொல்லட்டும். ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்து, மூன்று மாத முன்பணத்துக்கு மேல் எழுத விடாமல் நிற்கட்டும். இதற்குச் சட்டசபையின் அனுமதி வேண்டியதில்லை, பெரும்பொருளும் வேண்டியதில்லை.

நீங்கள் வீட்டுக்காரராகவும் இருப்பீர்களாயின், உங்கள் வாசலுக்கு வரும் மாணவனிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எங்கே படிக்கிறாய்? வாடகையை எந்தத் தேதியில் கொடுப்பாய்? வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்வாயா? நான்காவது கேள்வி உங்கள் நாவில் எழுமானால், அதை விழுங்கிவிட்டுச் சாவியைக் கொடுங்கள். தேச சேவை மேடையில்தான் நடக்க வேண்டுமென்பதில்லை. ஒரு மாடி அறையின் பூட்டைத் திறப்பதிலும் அது நடக்கும்.